கையைக் கைவிட்ட டாஷ்போர்டு

போன ஐப்பசியில் ஒரு மாலை, திண்டிவனம் தாண்டி விழுப்புரம் பக்கம் போய்க்கொண்டிருந்தோம். விக்கிரவாண்டி டோல்கேட்டுக்குச் சற்று முன்னால் மழை பிடித்துக்கொண்டது. காருக்குள் நான்கு பேர், காலடியில் நனைந்த குடைகள், பின்சீட்டில் ஈரத்துண்டு. இரண்டே நிமிடத்தில் முன்கண்ணாடி உள்பக்கமாக வெளுத்துவிட்டது. முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்கு வெறும் கறையாகத் தெரிந்தது. "ஒண்ணும் தெரியலடா, மெதுவாப் போ" என்றபடி பக்கத்து சீட்டிலிருந்த அக்கா முந்தானையால் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தாள்.

என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். மூச்சிலும் ஈரத்துணியிலும் இருக்கிற நீராவி, மழையில் குளிர்ந்த கண்ணாடியில் படிவதுதான் இந்த வெள்ளை. ஏசியைப் போட்டு, காற்றைக் கண்ணாடியின் மேல் திருப்பி, ஃபேனைக் கூட்டினால் கொஞ்ச நேரத்தில் கலைந்துவிடும். முன்பு நான் ஓட்டிய காரில் இதற்கென்று மூன்று திருகுகள் இருந்தன. வலது ஓரத் திருகைக் கடைசி வரை திருப்பு, இடது ஓரத் திருகை நான்கு 'டிக்' கூட்டு, வேலை முடிந்தது. கை தானாகப் போய்ச் செய்யும். புதுக் காரில் அந்தத் திருகுகள் இல்லை, பளபளக்கும் ஒரு திரைதான் இருக்கிறது. மேப் ஓடிக்கொண்டிருந்த திரையின் கீழ்ப்பக்கம் ஃபேன் படத்தைத் தேடித் தொட்டேன். ஏசிப் பக்கம் திறந்தது. கண்ணாடிப் படத்தைத் தொடப்போன நேரம் சாலையில் ஒரு தூக்கல், விரல் நழுவி சீட்டைக் குளிர வைக்கும் பக்கம் வந்து நின்றது. பின்னால் போவதற்குள் ஒரு போன் வந்து திரை முழுவதையும் மறைத்துக்கொண்டது. அந்த நேரத்தில் வண்டி எத்தனை மீட்டர் ஓடியது என்று எனக்குத் தெரியாது. என் கண் சாலையில் இல்லை என்பது மட்டும் தெரியும்.

திரையே கூடாது என்று நான் சொல்லவில்லை. ரிவர்ஸ் கேமராவும் மேப்பும் திரையில்தான் இருக்க முடியும், இரண்டும் பெரிய உபகாரம். ஓடுகிற வண்டியில், அவசரத்தில், கண்ணை எடுக்காமல் செய்ய வேண்டிய வேலைகளையும் அந்தத் திரைக்குள் கொண்டுபோய் வைத்ததுதான் தவறு.

கரண்ட் போன இருட்டில் சமையலறையில் தீப்பெட்டியை எடுக்கிற அம்மாவின் கையை நினைத்துப் பாருங்கள். எந்தத் தட்டு, எந்த ஓரம் என்று அந்தக் கைக்குத் தெரியும். திருகும் பட்டனும் இதே அறிவை நம்பிச் செய்யப்பட்டவை. தொட்டதும் விளிம்பு தெரியும், திருப்பினால் ஒவ்வொரு படியிலும் ஒரு தடங்கல் விரலில் உறைக்கும், எங்கே நிற்கிறது என்பதைத் தொட்டே சொல்லிவிடலாம். குலுங்குகிற வண்டியிலும் விரலுக்கு ஒரு பிடிமானம் கிடைக்கும். திரைக்கு இவை எதுவும் கிடையாது. எங்கே தொட்டாலும் ஒரே கண்ணாடி. சரியான இடத்தில் விரலை வைக்கக் கண் வேண்டும், வேலை நடந்ததா என்று பார்க்க மறுபடி கண் வேண்டும். இன்றைய தொடுதிரைகள் விரல் நெருங்கும்போது ஏற்படும் மின்புல மாற்றத்தை வைத்து வேலை செய்பவை. அதனால் விரல் ஈரமாக இருந்தால் தடுமாறும். மழையில் இறங்கி ஏறியவர்களுக்கு இது புதிய செய்தியல்ல.

இந்தக் கை அறிவைப் பொறியாளர்கள் விபத்துகளின் வழியாகத்தான் கற்றார்கள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் பல பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு, ஓடுபாதையிலேயே வயிறு தரையில் மோதி உட்கார்ந்தன. இறக்கைத் தட்டுகளை மடக்க நினைத்த விமானிகள் சக்கரங்களை மடக்கிவிட்டார்கள். பழி விமானிகள் மேல் விழுந்தது. அல்போன்ஸ் சாப்பானிஸ் என்ற உளவியலாளர் விமானி அறைக்குள் போய்ப் பார்த்தார். இரண்டுக்குமான சுவிட்சுகள் பக்கத்தில் பக்கத்தில், ஒரே மாதிரி இருந்தன. சக்கர சுவிட்சில் சக்கரம் போன்ற ரப்பர் துண்டையும், மற்றதில் இறக்கை போன்ற ஆப்பு வடிவத்தையும் பொருத்தச் சொன்னார். தவறு நின்றது. இன்றைக்கும் பயணிகள் விமானங்களில் சக்கரத்தை இறக்கும் கைப்பிடியின் முனை சக்கர வடிவில்தான் இருக்கிறது. கைக்குப் புரிகிற மொழியில் அது எழுதப்பட்டிருக்கிறது.

காருக்குள் தொடுதிரை வந்தது நாம் நினைப்பதைவிட முந்தைய கதை. 1986 மாடல் பியூக் ரிவேராவில் ஜெனரல் மோட்டார்ஸ் பச்சை எழுத்து ஓடும் ஒரு சின்ன டிவி போன்ற திரையை வைத்தது. ரேடியோவும் ஏசியும் அதற்குள் போயின. வாங்கியவர்கள் அப்போதே முகம் சுளித்தார்கள், சில ஆண்டுகளில் அது போய்விட்டது. 2001-இல் பிஎம்டபிள்யூ 7 சீரிஸ் காரில் ஒற்றைத் திருகை வைத்துத் திரையில் மெனு மெனுவாக இறங்கும் ஐ-டிரைவ் வந்தது, அதற்கும் வசவு விழுந்தது. போக்கைத் திருப்பியது 2012-இல் வந்த டெஸ்லா மாடல் எஸ். நடுவில் 17 அங்குலத் திரை, சுற்றிலும் பட்டன்கள் ஏறக்குறைய இல்லை. ஐபோனுக்குப் பழகிய உலகத்துக்கு அது எதிர்காலம் போலத் தெரிந்தது. மற்றவர்களும் பின்னால் ஓடினார்கள்.

அழகு மட்டும் காரணமில்லை, கணக்கும் இருக்கிறது. ஒரு பட்டன் என்றால் அதற்கு அச்சு வேண்டும், வயர் வேண்டும், கனெக்டர் வேண்டும், இரவில் ஒளிர விளக்கு வேண்டும், லட்சம் முறை அழுத்திச் சோதிக்க வேண்டும். நாற்பது பட்டன் என்றால் நாற்பது முறை இதே பாடு. திரை ஒன்றை எப்படியும் வைத்தாக வேண்டும். அமெரிக்காவில் 2018 மே முதல் புதிய கார்களில் பின்பக்கக் கேமரா கட்டாயம், கேமராவுக்குத் திரை கட்டாயம். இருக்கிற திரைக்குள் எல்லாவற்றையும் போட்டுவிட்டால் மிச்சம். அதே திரையைப் பல மாடல்களுக்கும் மாட்டலாம். விடுபட்டதை கார் விற்ற பிறகு சாஃப்ட்வேர் அப்டேட்டில் சேர்க்கலாம். அப்டேட் ஆன மறுநாள் காலையில் நேற்றிருந்த இடத்தில் ஒரு படம் இல்லாமல் போய், ஓட்டுகிறவர் திகைப்பது இதனால்தான்.

இந்த மிச்சத்துக்கு ஓட்டுநர் கொடுக்கும் விலையை ஸ்வீடனின் 'வி பீலேகரே' என்ற கார் இதழ் 2022-இல் அளந்து காட்டியது. விமானத்தளம் ஒன்றில் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டியபடி சில சாதாரண வேலைகளைச் செய்யச் சொன்னார்கள்: சீட் சூட்டைக் கூட்டி, வெப்பத்தை இரண்டு டிகிரி ஏற்றிக் கண்ணாடிப் பனியை நீக்குவது, ரேடியோவில் ஒரு நிலையத்தை வைப்பது, ட்ரிப் மீட்டரை அழிப்பது, டாஷ்போர்டு வெளிச்சத்தைக் குறைப்பது. ஓட்டியவர்களுக்கு முன்கூட்டியே பழகிக்கொள்ளவும் நேரம் கொடுத்தார்கள். பட்டன்களும் திருகுகளும் கொண்ட 2005 மாடல் வோல்வோ வி70-இல் எல்லாம் 10 விநாடியில் முடிந்தன, அதற்குள் வண்டி 306 மீட்டர் ஓடியிருந்தது. புதிய கார்களில் கடைசியில் வந்த எம்ஜி மார்வெல் ஆர்-இல் 44.9 விநாடி ஆயிற்று. ஓடிய தூரம் 1,372 மீட்டர். ஒன்றேகால் கிலோமீட்டருக்கும் மேல்! விக்கிரவாண்டி மழையில் நான் அனுபவித்தது என் கைத்தடுமாற்றம் மட்டுமல்ல என்று இதைப் படித்தபோதுதான் எனக்கு உறுதியாயிற்று.

அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2013-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஒரு பார்வை இரண்டு விநாடிக்கு மேல் சாலையை விட்டு விலகக் கூடாது, ஒரு வேலைக்கு மொத்தமாகப் பன்னிரண்டு விநாடிக்கு மேல் ஆகக் கூடாது என்கிறது. நிறுவனங்கள் விரும்பினால் பின்பற்றலாம், கட்டாயம் இல்லை. இரண்டு விநாடி என்பது கேட்கச் சின்னதாக இருக்கும். மணிக்கு 80 கிலோமீட்டரில் அது 44 மீட்டர். நம் நெடுஞ்சாலையில் சென்டர் மீடியன் இடைவெளியிலிருந்து ஒரு டிவிஎஸ் 50 குறுக்கே வருவதற்கு அதில் பாதி போதும்.

ஜெர்மனியில் ஒரு வழக்கு இந்தக் கேள்வியை நீதிமன்றம் வரை கொண்டுபோனது. 2019-இல் கனமழையில் டெஸ்லா ஓட்டிய ஒருவர், வைப்பர் வேகத்தைக் கூட்டுவதற்காகத் திரையைத் தொட்டார். வண்டி சாலையை விட்டு இறங்கி மோதியது. திரையும் ஓட்டுநரின் கவனத்தைத் திருப்பும் மின்னணுக் கருவிதான் என்று கார்ல்ஸ்ரூஹே மேல்நீதிமன்றம் 2020-இல் முடிவு செய்து, 200 யூரோ அபராதமும் ஒரு மாதம் வண்டி ஓட்டத் தடையும் விதித்ததை உறுதிப்படுத்தியது. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். ஆனாலும் எனக்கு அந்த ஓட்டுநர் மேல் பரிதாபம்தான் வருகிறது. மழையில் வைப்பரைக் கூட்டுவது ஓட்டுநரின் கடமை. அந்தக் கடமையைத் திரைக்குள் வைத்தவருக்கு அபராதம் இல்லை.

கடலில் இது இன்னும் கொடுமையாக முடிந்தது. 2017 ஆகஸ்ட் 21 அதிகாலையில் சிங்கப்பூர் அருகே அமெரிக்கப் போர்க்கப்பல் ஜான் எஸ். மெக்கெய்ன், ஓர் எண்ணெய்க் கப்பலோடு மோதியது. பத்து மாலுமிகள் இறந்தார்கள். திருப்பும் கட்டுப்பாடு வேறொரு மேசைக்கு மாறிப்போனதைக் கவனிக்காமல், கப்பல் கைவிட்டுப் போய்விட்டதாக நினைத்துவிட்டார்கள். வேகத்தைக் குறைக்கத் திரையைத் தொட்டபோது இரண்டு பக்க உந்துகளில் ஒரு பக்கம் மட்டும் குறைந்தது. இரண்டு கைப்பிடிகள் இருந்திருந்தால், ஒன்று கீழேயும் ஒன்று மேலேயும் நிற்பது கைக்கே தெரிந்திருக்கும். பயிற்சிக் குறைவும் களைப்பும் சேர்ந்தே இந்த விபத்துக்குக் காரணம் என்பது உண்மை. ஆனாலும் 2019-இல் அமெரிக்கக் கடற்படை அந்த வகைக் கப்பல்களில் தொடுதிரையை எடுத்துவிட்டுப் பழையபடி கைப்பிடிகளை வைக்க முடிவெடுத்தது.

திரை பழுதானால் என்ன ஆகும் என்பது வேறு கவலை. 2021-இல் டெஸ்லா அமெரிக்காவில் 1,34,951 கார்களைத் திரும்ப அழைத்தது. திரையை இயக்கும் மெமரி சிப் எழுதி எழுதித் தேய்ந்துபோய், திரை இருண்டு, ரிவர்ஸ் கேமராவும் கண்ணாடிப் பனி நீக்கும் வசதியும் இண்டிகேட்டர் சத்தமும் ஒன்றாகப் போயின. எங்கள் தெருமுனையில் ஆட்டோ எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கிற அண்ணன் இதையே வேறு விதமாகச் சொன்னார்: "முன்னெல்லாம் ஃபேன் சுவிட்ச் போனா சுவிட்சை மாத்துவேன் சார், அரைமணி வேலை. இப்ப டிஸ்ப்ளே போச்சுன்னா எல்லாமே போச்சு. நான் கையே வைக்க முடியாது, சர்வீஸ் சென்டருக்குத்தான் அனுப்பணும்." அவர் மேசை டிராயரில் பழைய திருகுகள் ஒரு பிஸ்கட் டப்பா நிறையக் கிடக்கின்றன. ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். சுற்றிலும் பள்ளம் பள்ளமாக வரி, நுனியில் மேடாக ஒரு கோடு. அந்த மேட்டுக்கோடு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை வைத்துத்தான் என் கை பல வருடமாகப் படித்திருக்கிறது. அதைக் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

காற்று இப்போது திரும்புகிறது. கோல்ஃப் காரில் இரவில் ஒளிராத தொடுபட்டைகளை வைத்து வாங்கிக் கட்டிக்கொண்ட ஃபோக்ஸ்வாகன், ஸ்டீயரிங்கில் அழுத்தும் பட்டன்கள் திரும்ப வரும் என்று 2022-இல் அறிவித்தது. ஒலி அளவு, ஏசி, ஃபேன், ஹசார்ட் விளக்கு ஆகியவற்றுக்கு இனி நிஜப் பட்டன் இருக்கும் என்று 2025-இல் அதன் வடிவமைப்புத் தலைவர் சொன்னார். நட்சத்திரம் கொடுத்துக் கார்களைத் தரம் பிரிக்கும் யூரோ என்கேப் அமைப்பு, இண்டிகேட்டர், ஹசார்ட், வைப்பர், ஹாரன், அவசர அழைப்பு ஆகிய ஐந்துக்கும் தனிக் கட்டுப்பாடு வேண்டும் என்று 2026 ஜனவரி முதல் தன் மதிப்பெண் முறையில் கேட்கிறது. சட்டம் இல்லைதான். ஆனால் ஐந்து நட்சத்திரத்துக்கு ஆசைப்படும் நிறுவனங்கள் அதை எளிதில் ஒதுக்க முடியாது.

நம் நாட்டில் 2023 அக்டோபரில் பாரத் என்கேப் தொடங்கியது. மோதினால் உள்ளே இருப்பவர்கள் பிழைப்பார்களா என்பதை அது நன்றாகவே பார்க்கிறது. மோதுவதற்கு முந்தைய மூன்று விநாடியில் ஓட்டுநரின் கண் எங்கே இருந்தது என்ற கேள்வியும் அதற்குள் வர வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் செய்த திருத்தப்படி, ஓட்டும்போது கையில் பிடிக்கும் போனைப் பயன்படுத்துவது ஆபத்தான ஓட்டுதல். கையளவு திரைக்கு அபராதம் போடுகிற நாம், டாஷ்போர்டில் பதித்த பன்னிரண்டு அங்குலத் திரையைப் பற்றி யோசிக்கவே ஆரம்பிக்கவில்லை. குரலில் சொன்னால் போதுமே என்பார்கள். மழைச் சத்தத்தில், பின்சீட்டில் குழந்தை அழுகையில், அவசரத்தில் சொல்கிற வார்த்தையைக் கார் புரிந்துகொள்ளும் வரை காத்திருந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

கார் வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஷோரூமில் ஓட்டுநர் சீட்டில் உட்காருங்கள். திரையின் அங்குலத்தைக் கேட்காதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு ஹசார்ட் விளக்கு, வைப்பர், கண்ணாடிப் பனி நீக்கும் பட்டன், பாட்டுச் சத்தம் நான்கையும் கையால் தேடுங்கள். முடிந்தால் இருட்டிய பிறகு போங்கள்.

தங்கை மகனுக்குக் கார் பார்க்கப் போன இடத்தில் இதைச் செய்தேன். கூட நின்ற விற்பனைப் பிரதிநிதி சின்னப் பையன், ஆர்வமாகப் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தார். "நீங்களே செய்து காட்டுங்க தம்பி" என்று இடத்தை விட்டுக்கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு ஹசார்ட் விளக்கை ஒரே தட்டில் போட்டார். வைப்பரையும் போட்டார். "இப்ப மழை, முன்கண்ணாடி வெளுத்துப் போச்சு" என்றேன். அவர் கை மேலே போய்த் திரையின் கண்ணாடியில் நின்றது, கொஞ்சம் இடது பக்கம் நகர்ந்தது, திரும்ப வலது பக்கம் வந்தது.

"கண்ணைத் திறந்துக்கலாமா சார்?" என்று கேட்டார்.