குக்குறுவானுக்கு ஒரு பட்டுப்போன கிளை

மொறகஹகந்த நீர்த்தேக்கத்தில் 2017இல் நீர் நிரப்பத் தொடங்குமுன் ஊரைவிட்டு எழும்பிய குடும்பங்கள், காய்த்துக்கொண்டிருந்த பலாவையும் மாவையும் விட்டுத்தான் வந்தன. புதிய காணியில் நட்ட கன்று காய்க்கும் வேளையில் முதற் பழத்தைக் குக்குறுவான் கொத்தினால் கோபம் வருவது நியாயமே. ஆனாலும் அதன் சீவியத்தை நாம் சற்று அறிந்திருப்பது நல்லது.

சிங்களத்தில் கொட்டோருவா எனப்படும் இப்பறவையில் இலங்கையில் 4 வகைகள் உண்டு. மாத்தளைத் தோட்டங்களில் 'குட்ரு, குட்ரு' என்று ஓயாமல் கூவுவது பழுப்புத்தலைக் குக்குறுவான். பச்சை உடல், கண்ணைச் சுற்றி மஞ்சள் தோல், தடித்த அலகு. இரத்தோட்டைக்கு மேலே மலைப்பக்கம் போனால் மஞ்சள் நெற்றிக் குக்குறுவான்; அது இலங்கைக்கே உரியது. இலையின் நிறமாதலால் சத்தம்தான் கேட்கும், ஆளைக் காண்பது அரிது.

ஆல், அரசு, அத்திப் பழங்கள் என்றால் இதற்கு விருந்து. விதைகள் எச்சத்தோடு விழுந்து வேறிடங்களில் முளைக்கின்றன. (சுவர் வெடிப்பில் ஆலங்கன்று முளைப்பதும் இத்தகைய பறவைகளின் வேலைதான்!) குஞ்சுகளுக்குப் பூச்சிகளையும் ஊட்டும்.

இது கூடு பின்னுவதில்லை. உளுத்த கிளையில் ஆணும் பெண்ணுமாகக் கொத்தி, வட்டமான பொந்து குடைந்து முட்டையிடும். வைரம் பாய்ந்த மரத்தைக் குடைய அந்த அலகால் முடியாது. காணியைத் துப்புரவாக்கும்போது நாம் முதலில் வெட்டி அடுப்புக்கு வைப்பதோ அந்தப் பட்டுப்போன கிளையைத்தான். வீட்டுக்கோ பாதைக்கோ மேலே சாயாத கிளை ஒன்றை விட்டுவைக்கலாம். குக்குறுவான் விட்டுப்போன பொந்தில் பிறகு மைனாவோ குண்டுக்கரிச்சானோ குடியேறும். பப்பாசிக் காய்களை மஞ்சள் விழுமுன்னே பழைய சாக்கினால் மூடிக் கட்டிவிடுங்கள்.