ரொட்டி மாவில் ஒரு கடற்பாசி

மார்த்தாண்டத்தில் பேக்கரி நடத்தும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “ரொட்டி மாவில் சேர்க்கும் இம்ப்ரூவர் பாக்கெட்டில் என்சைம் (நொதி) என்று போட்டிருக்கிறதே, அதை எதிலிருந்து எடுக்கிறார்கள்?” பெரும்பாலும் பூஞ்சையும் பாக்டீரியாவும்தான். ரொட்டிக்கான நொதிகளில் ஒன்று மட்டும் கடற்பாசி வழி வந்தது. எனக்குப் பிடித்தது அதுதான்.

பெயர் ஹெக்சோஸ் ஆக்சிடேஸ். அட்லாண்டிக் கரைப் பாறைகளில் வளரும் காண்ட்ரஸ் கிரிஸ்பஸ் என்ற சிவப்புப் பாசியில் இருக்கிறது. சர்க்கரையோடு ஆக்சிஜனைச் சேர்த்து ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாக்கும். அந்தப் பெராக்சைடு மாவின் குளூட்டன் இழைகளைப் பிணைக்கும். மாவு பிசுபிசுக்காமல் இறுகி, வாயுவை விடாமல் பிடித்து உப்பும். முன்பு இதற்குப் பொட்டாசியம் புரோமேட் போட்டார்கள். புற்றுநோய் அச்சத்தால் 2016இல் இந்தியா அதைத் தடை செய்தது.

இந்த வேதியியல் தேனுக்குப் பெயர்போன மார்த்தாண்டத்துக்குப் புதிதல்ல. தேனீ தேனில் சேர்க்கும் குளுக்கோஸ் ஆக்சிடேஸும் இதே வேலையைத்தான் செய்கிறது. சின்ன வயதில் கையைச் சுட்டுக்கொண்டால் பாட்டி தேன் தடவுவாள். காயத்தின் ஈரத்தில் தேன் இளகும்போது பெராக்சைடு உண்டாகும். கிருமி சாவதில் அதற்கும் பங்குண்டு.

ஆனால் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் குளுக்கோஸைத் தவிர மற்ற சர்க்கரைகளை அவ்வளவாகச் சீண்டாது. பாசியின் நொதிக்கு அந்தப் பிகு கிடையாது. காலக்டோஸ், மால்டோஸ், லாக்டோஸ் எது கிடைத்தாலும் சரி. மாவில் ஸ்டார்ச் உடைந்து வருவது மால்டோஸ்தானே! கடலில் கிடந்த பாசி பேக்கரிக்குப் பொருந்திப்போனது இப்படித்தான்.

இதற்காக யாரும் பாசியை மூட்டை மூட்டையாக அரைப்பதில்லை. 1997இல் டென்மார்க் ஆய்வாளர்கள் அதன் மரபணுவைப் பிரித்து ஈஸ்ட்டுக்குள் வைத்தார்கள். இன்று ஆலையில் ஈஸ்ட்தான் இந்த நொதியைச் செய்கிறது. பாசி பாறையிலேயே இருக்கலாம்.

எனக்கு ஆதங்கம் இங்கேதான். மன்னார் வளைகுடாவில் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் அகருக்காக உலர்த்தி, எடைபோட்டு விற்கப்படுகின்றன. நம் பக்கத்து முட்டம் கடற்கரையின் பாறைப் பாசியையோ, வழுக்கும் என்று திட்டிவிட்டு மிதித்துப் போகிறோம். மண்டபத்தில் மத்திய அரசின் கடற்பாசி ஆய்வு நிலையம் பல பத்தாண்டுகளாக இருக்கிறது; நம் கல்லூரி உயிரியல் மாணவர்களோ பாசியை ஹெர்பேரியம் தாளில் ஒட்டி மதிப்பெண் வாங்குவதோடு சரி. ஒரு பிடியை அரைத்து, சர்க்கரைக் கரைசலில் விட்டு, பெராக்சைடு வருகிறதா என்று சோதனைத் தாளில் பார்க்க எத்தனை செலவாகிவிடும்?

வாசகருக்கு இன்னொன்று: அடுப்புச் சூட்டில் இந்த நொதி செயலிழந்துவிடும். வாடிக்கையாளர் கேட்டால் தைரியமாகச் சொல்லலாம்.