நின்ற இயந்திரம் என்ன சொல்கிறது?

ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்துச் சாரல் எங்கள் மேலகரம் வரை வந்து நனைக்கும். மலைக்காற்று வலுத்து வீசும் மாலைகளில் வீட்டு விளக்குகள் சற்றே மங்கிப் பின் ஒளிர்வதுண்டு. அப்போது குளிர்பதனப் பெட்டியின் மேலே மாட்டியுள்ள ஸ்டெபிலைசரில் 'டிக்' என்று ஓர் ஒலி கேட்கும். பெட்டியின் உறுமல் நின்றுவிடும். விளக்கு மறுநொடியே பழையபடி எரிந்தாலும் பெட்டி மட்டும் உடனே ஓடாது. "கரண்டுதான் வந்துட்டே! பொறவும் இது ஏன் ஓட மாட்டேங்கு?" என்று என் தாயார் கேட்பார்கள். ஏறத்தாழ மூன்று நிமிடம் கழிந்ததும் அது தானாகவே ஓடத் தொடங்கும்.

அந்த மூன்று நிமிட மௌனம் பழுதன்று. இயந்திரம் தன்னைத்தானே காத்துக்கொள்ளும் முறை. இத்தகைய காவல்கள் எவ்வாறு இயங்குகின்றன, அவை தரும் செய்தியை நாம் எவ்வாறு படிப்பது என்பதைக் காண்போம்.

வெப்பத்தை இறைக்கும் பம்பு

தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்திற்குத் தானாகப் பாயும். கிணற்றிலிருந்து மேலேற்ற வேண்டுமானால் பம்பு தேவை. வெப்பமும் அப்படியே. சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்திற்குத் தானாகச் செல்லும். எதிர்த்திசையில் செலுத்த வேலை செய்ய வேண்டும். அந்த வேலையைச் செய்வதே வெப்பப் பம்பு. குளிர்பதனப் பெட்டி, ஏ.சி. எந்திரம் ஆகிய இரண்டும் இவ்வகையைச் சேர்ந்தவையே. காற்றிலுள்ள வெப்பத்தை உறிஞ்சித் தண்ணீரைச் சூடாக்கும் வெந்நீர்க் கருவிகளும் இப்போது நம் நாட்டில் விற்கப்படுகின்றன.

குளிரூட்டும் இயந்திரத்தையே சூடேற்றவும் பயன்படுத்தலாம் என்பதை 1852ஆம் ஆண்டிலேயே கெல்வின் எடுத்துக்காட்டினார். சுவிட்சர்லாந்தின் சூரிச் நகர மன்றக் கட்டடம் 1938ஆம் ஆண்டு முதல் அருகிலோடும் லிம்மாட் ஆற்று நீரின் வெப்பத்தை இவ்வாறு எடுத்துப் பயன்படுத்தியது. இதில் ஆதாயம் என்ன? ஒரு யூனிட் மின்சாரத்தைக் கம்பிச்சுருளில் செலுத்தினால் ஒரு யூனிட் வெப்பமே கிடைக்கும். வெப்பப் பம்போ அதே மின்சாரத்தைக் கொண்டு மூன்று யூனிட் அளவுக்கு வெப்பத்தைத் தண்ணீரில் சேர்க்க வல்லது.

இதன் உள்ளே நான்கு உறுப்புகள் உண்டு. குளிர்ச் சுருளில் ஒரு திரவம் ஆவியாகி வெப்பத்தை உறிஞ்சுகிறது. கம்ப்ரசர் அவ்வாவியை அமுக்கிச் சூடாக்குகிறது. கண்டென்சர் என்னும் வெளிச் சுருளில் ஆவி மீண்டும் திரவமாகி வெப்பத்தை விடுகிறது. பின்னர் ஒரு நுண்புழைக் குழாய் வழியே அழுத்தம் குறைந்து பழைய இடத்திற்கே திரும்புகிறது.

மூன்று நிமிடக் கணக்கு

ஆர்-134ஏ என்னும் குளிர்பொருளை எடுத்துக்கொள்வோம். பெட்டி ஓடும்போது கண்டென்சரில் அதன் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் சுமார் 12 மடங்கு. குளிர்ச் சுருளிலோ ஒரு மடங்கைவிடச் சற்றே மிகுதி. மோட்டார் நின்றவுடன் இவ்வேறுபாடு மறைந்துவிடாது. நுண்புழைக் குழாய் வழியே கசிந்து இரு பக்கமும் சமமாகச் சில நிமிடங்கள் ஆகும். அதற்குள் மோட்டாரை இயக்கினால், சுமை ஏற்றிய வண்டியை மேட்டில் நிறுத்திவிட்டு நின்ற இடத்திலிருந்து இழுப்பது போலாகும். மோட்டார் சுழலாமல் திணறும்.

சுழலாத மோட்டார் வழக்கமானதைப்போல் ஐந்து மடங்கு மின்னோட்டத்தை இழுக்கிறது எனக் கொள்வோம். கம்பியில் தோன்றும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், அது 25 மடங்காகும்! மின்னழுத்தம் குறைந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். மோட்டாரின் திருப்புவிசை மின்னழுத்தத்தின் இருமடியைப் பொறுத்தது. 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 160 வோல்ட் இருந்தால் திருப்புவிசை பாதிக்கும் கீழே போய்விடும்.

இதனால்தான் ஸ்டெபிலைசர் காத்திருக்கிறது. அதையும் மீறி மோட்டார் திணறினால் கம்ப்ரசரின் பக்கவாட்டில் உள்ள ஓவர்லோடு என்னும் சிறு கருவி உதவிக்கு வரும். வெவ்வேறு அளவில் விரியும் இரு உலோகங்களை ஒட்டிய தகடு அதில் உள்ளது. மின்னோட்டமோ வெப்பமோ மிகுந்தால் அத்தகடு வளைந்து இணைப்பைத் துண்டிக்கும். ஆறியபின் மீண்டும் சேர்க்கும்.

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் இந்த ஓவர்லோடு அடிக்கடி துண்டித்தது. பழுதுபார்க்க வந்தவர், "இந்தச் சின்ன சாமான்தான் தொல்லை" என்று அதை நீக்கிவிட்டுக் கம்பியை நேராக இணைத்துவிட்டார். பெட்டி நன்றாகக் குளிர்ந்தது, பத்து நாட்கள் வரை. பிறகு மோட்டார் சுருள் கருகிவிட்டது. உண்மையில் பெட்டி சுவரோடு ஒட்டி நின்றதும், அதன் பின்புறச் சுருளில் தூசு அப்பியிருந்ததுமே காரணம். வெப்பம் வெளியேற வழியில்லை. ஒரு துடைப்பத்தால் தீர்ந்திருக்க வேண்டிய குறை, புதிய கம்ப்ரசர் வாங்குவதில் போய் முடிந்தது.

இரு முனைக் காவலர்கள்

பெரிய இயந்திரங்களில் காவல் இன்னும் விரிவானது. கண்டென்சர் பக்கத்தில் உள்ள உயரழுத்தத் துண்டிப்பான், அழுத்தம் வரம்பு மீறினால் மோட்டாரை நிறுத்தும். விசிறி நின்றிருக்கலாம், தூசு அடைத்திருக்கலாம், வெந்நீர்க் கருவியானால் தண்ணீர் ஓட்டம் தடைப்பட்டோ உப்புப் படிந்தோ இருக்கலாம். குளிர்ச் சுருளின் பக்கத்தில் உள்ள தாழழுத்தத் துண்டிப்பான், குளிர்பொருள் கசிந்து குறைந்தாலோ சுருளில் பனி மூடினாலோ செயல்படும். கம்ப்ரசர் தன் மோட்டாரைக் குளிர்வித்துக்கொள்வது திரும்பி வரும் ஆவியால்தான் என்பதால் இக்காவலும் இன்றியமையாதது.

மூன்று பேஸ் மின்சாரத்தில் ஓடுபவற்றுக்கு மற்றோர் ஆபத்து உண்டு. ஒரு கம்பியில் மின்சாரம் அற்றுப்போனால், ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் நிற்காமல் மற்ற இரண்டு கம்பிகளில் மிகுதியாக இழுத்துச் சூடேறும். வயலில் பம்புசெட் வைத்திருக்கும் நம் உழவர்களுக்கு இது நன்கு தெரியும். அவர்கள் மாட்டிவைக்கும் பிரிவென்டர் செய்யும் அதே வேலையை இங்கும் ஒரு கருவி செய்கிறது.

உணர்வி பொய் சொன்னால்?

இக்காலக் கருவிகளில் வெப்பநிலையை அளப்பது தெர்மிஸ்டர் என்னும் சிறுமணி. வெப்பம் ஏற ஏற இதன் மின்தடை குறையும். பெரிதும் வழங்கும் ஒரு வகையில் 25 டிகிரி செல்சியசில் 10,000 ஓம்; 50 டிகிரியில் சுமார் 3,600 ஓம்.

இதன் கம்பியை எலி கடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். இப்போது மின்தடை அளவற்றதாகிவிடும். மின்தடை மிகுந்தால் குளிர் என்பதுதானே கணக்கு? ஆகவே தொட்டியில் உள்ள நீர் உறைநிலைக்கும் வெகு கீழே இருப்பதாகக் கருவி நம்பி, மேலும் மேலும் சூடேற்ற முனையும்! 60 டிகிரி வெந்நீர் சில நொடிகளில் தோலைப் புண்ணாக்கிவிடும். குழந்தைகள் குளிக்கும் வீட்டில் இது சிறிய செய்தியன்று.

எனவே கட்டுப்பாட்டுக் கருவி தன் உணர்வியையே ஐயுற வேண்டும். தென்காசியில் தொட்டி நீர் உறைநிலைக்குக் கீழே இருக்க முடியாது. இப்படி நடக்கவியலாத அளவு வந்தால் அதை நீரின் நிலையாகக் கொள்ளாமல், உணர்வியின் பழுதாகக் கொண்டு கருவி நின்றுவிடும். இதுவும் தவறினால் காக்க, மின்னணுச் சுற்றைச் சாராத ஈருலோகத் துண்டிப்பான் ஒன்றும், அழுத்தம் மிகுந்தால் நீரை வெளிவிடும் வால்வு ஒன்றும் தனித்தனியே இருக்கும். வால்வில் நீர் சொட்டுகிறதே என்று அதை அடைத்துவிடுவது வெடிவிபத்தை வரவழைப்பதாகும்.

அறிகுறி வேறு, நோய் வேறு

கருவியின் முகப்பில் தோன்றும் எழுத்தும் எண்ணும் எந்த வரம்பு மீறப்பட்டது என்பதை மட்டுமே கூறும். ஏன் மீறப்பட்டது என்று கூறா. காய்ச்சல் 102 என்று வெப்பமானி காட்டுகிறது. காய்ச்சலுக்குக் காரணம் என்னவென்று மருத்துவர்தானே கண்டறிய வேண்டும்? அவர் பல அறிகுறிகளைச் சேர்த்துப் பார்ப்பதுபோல் இங்கும் பார்க்க வேண்டும். கண்டென்சர் அழுத்தம் மிகுந்திருந்தால் வெப்பம் வெளியேறும் வழியைத் தேடுங்கள். இரு பக்க அழுத்தமும் குறைந்திருந்தால் கசிவை ஐயுறுங்கள். கசிவை அடைக்காமல் மீண்டும் வாயு நிரப்புவது, ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதே.

ஒருமுறை நின்ற கருவி சற்றுப் பொறுத்துத் தானே மீண்டும் முயலும். மின்னழுத்தம் தடுமாறியது போன்ற தற்காலிகக் காரணமானால் அது போதும். குறுகிய நேரத்திற்குள் சில முறை நின்றால் பல கருவிகள் தம்மைப் பூட்டிக்கொண்டு மனிதரை அழைக்கும். அப்போது சுவிட்சை மீண்டும் மீண்டும் போடுவது, உதவி கேட்பவரின் வாயைப் பொத்துவதற்கு ஒப்பாகும்.

ஒரு குறிப்பேடு போதும்

ஆரம்ப சுகாதார நிலையங்களில் தடுப்பூசி மருந்துகளை 2 முதல் 8 டிகிரி செல்சியசுக்குள் வைத்திருக்க வேண்டும். அங்குள்ள குளிர்பதனப் பெட்டியின் வெப்பநிலையை நாள்தோறும் இருவேளை பார்த்து எழுதிவைப்பது முறை. மருந்து கெடும் முன்பே, எண்கள் மெல்ல ஏறுவதைக் கொண்டு பெட்டி நலிவதை அறியலாம்.

மாணவர்கள் இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். பெட்டி எத்தனை நிமிடம் ஓடுகிறது, எத்தனை நிமிடம் நிற்கிறது என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். வெளிவெப்பமும் பயன்பாடும் மாறாமலே ஓடும் நேரம் மட்டும் நீண்டுகொண்டு போனால் காரணம் தேடுங்கள். முதலில் கதவு ரப்பரையும், மின்சாரத்தைத் துண்டித்தபின் பின்புறத் தூசையும் பாருங்கள். உள்ளே கைவைப்பதைத் தேர்ந்தவரிடம் விடுங்கள். அவர் ஏதேனும் ஒரு காவல் உறுப்பைக் கழற்றினால், "அது ஏன் துண்டித்தது என்று கண்டுபிடித்தீர்களா?" என்று கேட்கத் தயங்காதீர்கள். அந்த ஒரு கேள்வி ஒரு மோட்டாரைக் காப்பாற்றும்; சில வேளைகளில் ஓர் உயிரையும் காப்பாற்றும்.