கீழாநெல்லியைப் பாசனப் பயிராக வைக்கலாமா?

மூலிகைச் சாகுபடி என்றாலே நம்ம ஆட்களிடம் இரண்டு விதமான பேச்சுதான். ஒன்று, "ஏக்கருக்கு லட்சக்கணக்கில் கிடைக்குமாமே?" இன்னொன்று, "அதெல்லாம் ஏமாத்து வேலை சார்." வங்கியில் விவசாயக் கடன் மனுக்களைப் பார்த்தே தலை நரைத்தவன் நான். இரண்டாவது பேச்சுக்குக் காரணம் தெரியும். வெள்ளை முஸ்லிக் கிழங்கு என்று ஒரு காலம் ஓடியது. விதைக்கிழங்கை விற்றவர்கள் சம்பாதித்தார்கள், வாங்கி நட்டவர்கள் ஆள் தேடி அலைந்தார்கள். ஈமு கோழி கதை எல்லோருக்கும் நினைவிருக்கும். நாற்றையும் அவனே விற்று, விளைச்சலையும் அவனே வாங்கிக்கொள்வதாகப் பத்திரம் எழுதித் தருகிறான் என்றால், அவனுக்கு வேண்டிய லாபம் நாற்று விற்றதிலேயே வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் முதல் பேச்சிலும் ஒரு துளி உண்மை உண்டு. தேசிய மருத்துவத் தாவர வாரியத்துக்காக 2007 வாக்கில் செய்த ஆய்வு ஒன்று, நாட்டில் ஆண்டுக்கு 100 டன்னுக்கு மேல் வியாபாரமாகும் மூலிகைகள் 178 என்று கணக்கெடுத்தது. அதில் முழுக்கவோ பெரும்பாலுமோ சாகுபடியிலிருந்து வருபவை 36தான். மற்றதெல்லாம் பெரும்பாலும் காட்டிலும் சாலையோரத்திலும் தரிசிலும் பிடுங்கி வருவது. பிடுங்க இடம் குறைந்துகொண்டே போகிறது. எங்கள் நெமிலிச்சேரியில் வெளிவட்டச் சாலை வந்த பிறகு தரிசு என்று சொல்ல என்ன மிச்சம் இருக்கிறது?

எனவே, நெல் வயலில் களையென்று பிடுங்கி வரப்பில் வீசுகிற கீழாநெல்லியையே பயிராக எடுத்துப் பார்க்கலாம். விதை நம்ம மண்ணில் இருக்கிறது, யாரிடமும் ஏமாற வேண்டாம். 80 முதல் 100 நாளில் அறுப்பு. நம்ம வெயிலும் தண்ணீரும் அதற்குப் பழக்கம்.

முதலில் செடியைத் தெரிந்துகொள்ளுங்கள். இலைக்கு அடியில் வரிசையாகக் காய் தொங்குவதால்தான் கீழாநெல்லி என்று பெயர். ஆனால் அதே வயலில் அதன் பங்காளிகளும் முளைக்கும். தண்டு சிவந்து, காய் காம்பில்லாமல் ஒட்டிச் சொரசொரப்பாக இருந்தால் அது வேறு இனம். மேலாநெல்லியும் வேறு. பிடுங்கிக் கட்டி வரும் மூட்டைகளில் இவை எல்லாம் கலந்துதான் வருகின்றன. ஒரே இனமாக, கலப்பில்லாமல் தருவதுதான் சாகுபடி செய்கிறவனுக்கு உள்ள ஒரே பலம். லக்னோவில் உள்ள மத்திய நறுமண மருத்துவப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் (சிமாப்) 'சிம்-ஜீவன்' என்று ஒரு ரகமே வெளியிட்டிருக்கிறது.

இனம் ஏன் முக்கியம் என்பதற்குச் சென்னையிலேயே ஒரு சான்று உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன், ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க் ஆகியோர் 1988-இல் 'லான்செட்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 30 நாள் கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு அந்தக் கிருமியின் அடையாளம் ரத்தத்தில் மறைந்தது; வெறும் மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான். ஆனால் பிறகு தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. எந்த இனம், எந்த மண், எப்போது பறித்தது என்ற கேள்விகள் அப்போது எழுந்தன. அதனால் கீழாநெல்லி எல்லாக் காமாலையையும் தீர்க்கும் என்று யாரும் பேச வேண்டாம். காமாலை வந்தவர் மருத்துவரைப் பார்க்கட்டும். நம்ம வேலை, சரியான செடியைச் சரியாக விளைவித்துத் தருவது மட்டும்.

இப்போது கணக்கு. வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரைப்படி இடைவெளி 15க்கு 10 சென்டிமீட்டர். அப்படியானால் ஒரு சென்டுக்கு சுமார் 2,700 நாற்று. 25 சென்டுக்கு 67,000க்கு மேல்! ஏக்கருக்குச் சுமார் 7 டன் பச்சை, காய்ந்தால் 700 கிலோ என்பதும் அவர்கள் கணக்குதான். வகுத்துப் பாருங்கள், ஒரு செடிக்கு இரண்டரை கிராம் சருகு. அந்த இரண்டரை கிராமுக்கு ஒரு தடவை நடுகை, இரண்டு தடவை களை, ஒரு அறுப்பு, பல நாள் காயவைப்பு. லட்சக்கணக்குப் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை. கூலி ஆளை வைத்து ஏக்கர் கணக்கில் இறங்கினால் கட்டுப்படியாகாது என்பது என் கருத்து. குடும்பமே வேலை செய்யும் 10, 25 சென்டுக்கு இது பொருந்தும்.

விதை மிகச் சிறியது. ஏக்கருக்கு 400 கிராம் போதும். மணலோடு கலந்து மேட்டுப்பாத்தியில் தூவி, சலித்த எருவை மெல்லியதாகப் போர்த்தி, பூவாளியால்தான் நீர் விட வேண்டும். வாய்க்கால் தண்ணீரைத் திறந்தால் விதையெல்லாம் ஒரு மூலைக்குப் போய்ச் சேரும். மூன்று, நான்கு வாரத்தில் நாற்று விரல் நீளத்துக்கு மேல் வந்ததும் நடலாம். அடியுரமாகத் தொழு உரம், பிறகு நீரோடு ஜீவாமிர்தம் போதும். பூச்சியை நினைத்து இதில் தூக்கம் கெடுவதில்லை. களைதான் வேலை. எங்கள் பக்கம் களையெடுக்க வந்த அம்மா கேட்டார்: "இன்னா சார் இது, களையவே நட்டுட்டு களை எடுக்கச் சொல்றியே!"

எப்போது நடுவது என்பதை, எப்போது காயவைக்க முடியும் என்பதிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் அறுப்பு வந்தால் எல்லாம் பூஞ்சணம் பிடித்துப் போகும். சம்பா அறுத்தபின் தையில் நாற்று விட்டு மாசியில் நட்டால் வைகாசியில் அறுப்பு. வெயில் காலமாதலால் தண்ணீர் விடாமல் முடியாது. ஆனால் நிழலில் விரைவாகக் காயும்.

25 சென்டில் ஒன்றே முக்கால் டன் பச்சை வரும். அதை மெல்லிசாக நிழலில் பரப்ப இடம் எங்கே? அதனால் ஐந்து ஐந்து சென்டாகப் பத்து நாள் இடைவெளியில் நடுவதே நல்லது. மருந்துச் சத்து பெரும்பாலும் இலையில்தான். காயக் காய இலை உதிரும். பழைய வேட்டி, புடவை மேல் பரப்பினால் உதிர்ந்ததும் நமக்கே. தண்டு மட்டும் நிறைந்த மூட்டையைக் கடைக்காரர் கையில் எடுத்ததுமே விலையைக் குறைப்பார், அது நியாயமும்கூட.

நம்ம பக்கத்தில் இன்னொரு சங்கடம். ஆலைகளும் கழிவுநீரும் வயலை நெருங்கிவிட்டன. மருந்து நிறுவனங்கள் ஈயம் 10 பிபிஎம்முக்குள், காட்மியம் 0.3 பிபிஎம்முக்குள் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நாம் இயற்கை முறையில் செய்தோம் என்பது மட்டும் அங்கே செல்லாது. நடுவதற்கு முன்பே கிணற்று நீரையும் மண்ணையும் பரிசோதித்துவிடுங்கள். தேறாத நிலத்தில் மூலிகை வேண்டாம்.

விற்பனைக்கு நாம் இருக்கும் இடம் வசதி. நாட்டு மருந்துக் கடைகள் நிறைந்த ராசப்ப செட்டித் தெருவுக்கு, ரயிலேறிச் சென்ட்ரலில் இறங்கினால் நடந்தே போகலாம். திருவான்மியூரில் 1944 முதல் இயங்கும் இம்ப்காப்ஸ் கூட்டுறவு இருக்கிறது. அரசின் டாம்ப்கால் நிறுவனம் டெண்டர் வழியாக வாங்கும். சிறு விவசாயி தனியாக நுழைவது கடினம், குழுவாகத்தான் முடியும். எல்லோரிடமும் கால் கிலோ மாதிரியைக் காட்டி, எவ்வளவு வேண்டும், என்ன விலை என்று கேட்ட பிறகே நாற்று விடுங்கள். இதற்கு ஆதரவு விலை கிடையாது. நடுகை முதல் மூட்டை வரை ஆன செலவை, உங்கள் வீட்டு ஆள் கூலியையும் சேர்த்து, 175 கிலோவால் வகுத்தால் வருவதுதான் உங்கள் அடி விலை. கடைக்காரர் சொன்னது அதற்குக் கீழே இருந்தால் அந்த ஆண்டு கீரை போடுங்கள்.

கடனை நம்பி இறங்க வேண்டாம். மாவட்டக் குழு பயிர்வாரியாகக் கடன் அளவு நிர்ணயித்திருக்கும். அந்தப் பட்டியலில் பெயர் இல்லாத பயிருக்கு எந்த மேனேஜரும் கையெழுத்துப் போடத் தயங்குவார். நானும் அந்த நாற்காலியில் இருந்தவன்தான்.

விதைக்கென்று ஒரு பாத்தியை அறுக்காமல் விடுங்கள். காய் முற்றினால் வெடித்துச் சிதறிவிடும். அதனால் காய் பழுப்பேறத் தொடங்கும்போதே செடியைப் பிடுங்கி, காகிதம் விரித்து, மேலே மெல்லிய துணி போர்த்தி வையுங்கள். இரண்டு மூன்று நாளில் விதை தானே காகிதத்தில் இறங்கிக் கிடக்கும்.