புலியின் வலமும் இடமும்

மைசூரிலிருந்து உதகைக்குச் செல்லும் பெருவழி, குண்டலுபேட்டையைக் கடந்து பந்திப்பூர்க் காட்டினூடே செல்கிறது. 1973ஆம் ஆண்டு புலிப் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியபோது முதன்முதலாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒன்பது காப்பகங்களுள் பந்திப்பூரும் ஒன்றாகும். இங்குப் புலிகளைக் கணக்கிடுவதற்காகப் பாதையின் இருமருங்கிலும் தானியங்கிக் காமிராக்கள் இணை இணையாகப் பொருத்தப்படுகின்றன. ஒரு புலிக்கு ஒரு காமிரா போதாதா? இவ்வினாவிற்கான விடை பிராணிகளின் உடலமைப்பில் அடங்கியுள்ளது.

குளத்து நீரில் ஓரிடத்தில் பற்றி வாழும் ஹைடிராவிற்கு இரை எத்திசையிலிருந்தும் வரக்கூடும். அதன் உணர்கொம்புகள் வாயைச் சுற்றி ஆரங்களைப் போல் அமைந்துள்ளன. இது ஆரச் சமச்சீர் எனப்படும். முன்னோக்கி இயங்கும் பிராணிகளிலோ தலையும் வாலும், முதுகும் வயிறும் வேறுபட்டு, வலப்புறமும் இடப்புறமும் ஒன்றற்கொன்று கண்ணாடிப் பிம்பம் போல் அமைகின்றன. இது இருபக்கச் சமச்சீர். மண்புழு, வண்டு, புலி, மனிதன் ஆகிய அனைத்தும் இவ்வகையைச் சார்ந்தவை. உடுமீனின் இளவுயிரி இருபக்கச் சமச்சீர் உடையது; வளர்ந்த உடுமீனோ ஐந்து ஆரங்களைப் பெறுகிறது.

எனினும் இச்சமச்சீர் முழுமையானதன்று. மனிதனின் இதயம் இடப்புறம் சாய்ந்தும் கல்லீரல் பெரும்பாலும் வலப்புறத்திலும் அமைந்துள்ளன. புலியின் எலும்புகளும் கால்களும் இருபுறமும் ஒத்திருப்பினும், வலப்பக்கத்து வரிகள் இடப்பக்கத்து வரிகளை ஒத்திருப்பதில்லை. எந்த இரு புலிகளின் வரிகளும் ஒன்றுபோல் இருப்பதுமில்லை. அவை வாழ்நாள் முழுவதும் மாறுவதுமில்லை.

முற்காலத்தில் அடிச்சுவடுகளைக் கொண்டே புலிகள் கணக்கிடப்பட்டன. ஆனால் மண்ணின் தன்மைக்கும் நடையின் வேகத்திற்கும் ஏற்பச் சுவடு மாறுபடும். 1990களின் தொடக்கத்தில் அண்மையிலுள்ள நாகரகொளைக் காட்டில் உல்லாஸ் காரந்த் காமிராப் படங்களின் வரிகளைக் கொண்டு புலிகளைக் கணக்கிடும் முறையைக் கையாண்டார். பின்னர் அகில இந்தியக் கணக்கெடுப்பிலும் காமிராக்கள் இடம்பெற்றன.

இம்முறையில் கவனிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. ஒரு புலியின் இடப்பக்கம் மட்டும் ஓரிடத்திலும், வலப்பக்கம் மட்டும் வேறோரிடத்திலும் பதிவாயின், அவை இரண்டும் ஒரே புலியுடையவை என அறிய வழியில்லை. இரண்டையும் தனித்தனியே எண்ணினால் ஒரு புலி இரண்டாகிவிடும். இல்லாத புலி ஏட்டில் உலவும். ஆகவே இணையுள் ஒரு காமிராவின் மின்கலம் தீர்ந்துவிட்டாலும், இரண்டின் கடிகாரங்களும் ஒத்துச் செல்லாவிட்டாலும் கணக்குப் பழுதுபடும். இவற்றை நாள் தவறாது சரிபார்க்கும் களப்பணியாளரின் உழைப்பே கணக்கின் அடிப்படையாகும்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே விளக்கலாம். தெருநாய் அல்லது பசு ஒன்றின் இரு பக்கங்களையும் மாணவர்கள் வரைந்து ஒப்பிடட்டும். கால்களும் காதுகளும் இணையாக அமைந்திருக்க, தோலின் புள்ளிகளும் திட்டுகளும் பக்கத்திற்குப் பக்கம் வேறுபடுவதை அவர்கள் தாமே கண்டறிவர்.