விமானிப் படிப்பு: மணித்தியாலத்தை மட்டும் எண்ணினால் போதுமா?

பிள்ளையை விமானியாக்க வேண்டுமென்று காணியை விற்று, கடையை ஈடு வைத்துக் காசு தேடும் வியாபாரிகள் நம் மத்தியிலும் இருக்கிறார்கள். என்னிடம் யோசனை கேட்பவர்கள் இரண்டு விடயங்களைத்தான் கேட்கிறார்கள். எவ்வளவு செலவாகும்? எத்தனை மணித்தியாலம் பறக்க விடுவார்கள்? நான் விமானம் ஓட்டியவனல்லன், சாமான் வாங்கி விற்பவன். ஆனாலும் விசாரித்துப் பார்த்ததில் மூன்றாவது கேள்வியொன்று விடுபடுவது தெரிந்தது. எந்தெந்த விமானத்தில் பறக்க விடுவார்கள்?

பத்து வருடம் காசுப் பெட்டியடியில் மட்டும் இருந்த சிப்பந்தியும், களஞ்சியம், கொள்வனவு, மொத்த விற்பனை என்று எல்லாம் பழகிய சிப்பந்தியும் சேவைக் காலத்தில் சமம். தொழிலில் சமமா?

வர்த்தக விமானி அனுமதிப்பத்திரத்துக்குக் குறைந்தது 200 மணித்தியாலப் பறப்பு வேண்டும் என்பது சர்வதேச விதி. அங்கீகரிக்கப்பட்ட பாடநெறியாகத் தொடர்ந்து படித்தால் 150 போதும். இதில் பெரும்பகுதி செஸ்னா 172 போன்ற ஒற்றை இயந்திரச் சிறு விமானங்களில் கழிகிறது. இரட்டை இயந்திர விமானத்துக்குக் கிடைப்பது சிறு பங்குதான். அதன் பிறகு ஏ320, போயிங் 737 போன்றவற்றை ஓட்ட, டைப் ரேட்டிங் எனும் தனித் தகுதியும் பெற வேண்டும். அதற்கும் தனிச் செலவு.

இந்தப் படிப்புக்கு வழிகள் மூன்று.

முதலாவது, ஒரே பாடசாலையில் தொடக்கம் முதல் முடிவு வரை படிப்பது. ஒழுங்காக நடக்கும், சீக்கிரம் முடியும். ஆனால் அந்தப் பாடசாலை வைத்திருக்கும் இரண்டு மூன்று ரகங்களை மட்டுமே பிள்ளை அறிவான். உதாரணமாக, டயமண்ட் டீ.ஏ.42 விமானத்தில் ஓர் இயந்திரத்துக்கு ஒரு நெம்புகோல்தான். மற்றதைக் கணினி பார்த்துக்கொள்ளும். பைப்பர் செனெகாவில் இயந்திரத்துக்கு மூன்று, மொத்தம் ஆறு. முன்னையதில் மட்டும் பழகியவன் பின்னையதில் ஏறினால் புதிதாகப் பழக வேண்டும்.

இரண்டாவது, அமெரிக்க வழி. 2009 பெப்ரவரியில் பஃபலோ நகரருகே விமானமொன்று விழுந்து 50 பேர் இறந்தனர். அதன் பின் வந்த சட்டத்தினால், 2013 முதல் அங்கு பயணிகள் விமானத்தில் துணை விமானியாகச் சேரவும், சில விதிவிலக்குகள் தவிர, 1500 மணித்தியாலம் வேண்டும். அதைச் சேர்க்கப் பலர் பயிற்றுவிப்பாளராகி, அதே சிறு விமானத்தில் மாதக் கணக்காகச் சுற்றுகிறார்கள். மணித்தியாலம் கூடுகிறது, ரகம் கூடுவதில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பஃபலோவில் விழுந்த விமானத்தின் இரு விமானிகளுமே 1500ஐத் தாண்டியவர்கள்.

மூன்றாவது, 2006இல் சர்வதேச விதிகளில் சேர்க்கப்பட்ட எம்.பீ.எல். இதில் 240 மணித்தியாலப் பயிற்சி, பெரும்பகுதி சிமியுலேட்டரில். இருவர் சேர்ந்து பெரிய விமானத்தை இயக்கும் முறையைத் தொடக்கத்திலேயே பழக்குவது இதன் நன்மை. ஆனால் இந்த அனுமதிப்பத்திரத்தை மட்டும் வைத்துக்கொண்டு தனியே சிறு விமானம் ஓட்டி உழைக்க முடியாது. இதில் படித்தவர்களை முதலில் எடுத்த நிறுவனங்களுள் ஒன்றான டென்மார்க்கின் ஸ்டேர்லிங், 2008 ஒக்டோபரில் வங்குரோத்தானது. ஒரே வாடிக்கையாளரை நம்பிச் சரக்கு இறக்குவதன் ஆபத்து நமக்குத் தெரியாததல்ல.

பல ரகம் பழகுவதால் என்ன பயன்? 1983 ஜூலையில் எயார் கனடாவின் போயிங் 767 ஒன்றுக்கு எரிபொருள் நிரப்பும்போது கிலோவுக்குப் பதிலாக இறாத்தலில் கணக்குப் பார்த்துவிட்டார்கள். தேவையானதில் பாதிகூட ஏறவில்லை. நடுவானில் இயந்திரங்கள் நின்றுபோயின. தலைமை விமானி பொப் பியர்சன் ஓய்வு நேரத்தில் இயந்திரமில்லாத கிளைடர் ஓட்டிப் பழகியவர். விமானத்தைப் பக்கவாட்டில் சரித்து உயரத்தைக் குறைக்கும் கிளைடர் உத்தியைப் பயன்படுத்தி, கிம்லி என்ற இடத்திலிருந்த பழைய விமானப்படைத் தளத்தில் இறக்கினார். 69 பேரும் உயிர் தப்பினர். அந்த உத்தியை அவர் 767இல் படித்திருக்கவில்லை.

அதற்காக, கண்ட கண்ட விமானத்திலெல்லாம் ஏற வேண்டுமென்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு புது ரகத்துக்கும் காசும் நாளும் போகும். ஆனால் முற்பணம் கட்டுமுன் இவற்றைக் கேளுங்கள்: பாடசாலையிடம் பறக்கும் நிலையில் எத்தனை ரகம் உண்டு? இரட்டை இயந்திரத்தில் எத்தனை மணித்தியாலம்? அதில் எவ்வளவு வானில், எவ்வளவு சிமியுலேட்டரில்? பழைய வட்டமானிகள், புதிய கணினித் திரை இரண்டிலும் பழக்குவார்களா? வெளிநாட்டில் படித்தால், அந்த அனுமதிப்பத்திரத்தை இங்கு மாற்ற நமது சிவில் விமான சேவைகள் அதிகார சபை என்ன கேட்கும்? வேலை தருவதாகச் சொல்லும் நிறுவனம் கைவிட்டால் அந்த அனுமதிப்பத்திரம் வேறிடத்தில் செல்லுமா?

பதில்களை வாயால் அல்ல, எழுத்தில் வாங்குங்கள். பத்து மூடை அரிசி வாங்கும்போது மாதிரி பார்க்காமல் நாம் காசு கொடுப்பதில்லை. பிள்ளையின் எதிர்காலத்துக்குக் கொடுக்கும் காசுக்கும் அந்தக் கவனம் வேண்டும்.