லாரி ஓட்டுநர்களின் வேலை நேரம்: காத்திருக்கும் நேரம் யார் கணக்கில்?

புது தில்லி: சரக்கு வாகன ஓட்டுநர் ஒருவர் நாளொன்றுக்கு எட்டு மணி நேரமும் வாரத்துக்கு 48 மணி நேரமுமே வேலை செய்யலாம் என்ற விதி இந்தியாவில் 60 ஆண்டுகளுக்கும் மேலாக நடைமுறையில் உள்ளது. ஆயினும், சேவ்லைஃப் அறக்கட்டளையும் மஹிந்திரா நிறுவனமும் 2020-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, லாரி ஓட்டுநர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக ஏறத்தாழ 12 மணி நேரம் வாகனம் ஓட்டுகின்றனர். சோர்வோ தூக்கக் கலக்கமோ இருக்கும்போதும் வண்டியை நிறுத்துவதில்லை என்று அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் அந்த ஆய்வில் தெரிவித்திருந்தனர்.

இந்த விதியை நடைமுறைப்படுத்துவதற்கான வழிகளை வகுக்குமாறு உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்துக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்ததால், இத்துறைக்கான பழைய சட்டமும் புதிய வடிவம் பெற்றுள்ளது. ஓட்டுநர்களின் வேலை நேரம், ஓய்வு குறித்துச் சட்டம் கூறுவது என்ன, அது சாலையில் எட்டாமல் போவது ஏன் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

1961-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த அளவுகள்

மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர்கள் சட்டம், 1961 இதற்கான அடிப்படையை வகுத்தது. அதன்படி, வயது வந்த தொழிலாளர் ஒருவரை நாளொன்றுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. நெடுந்தொலைவு வழித்தடங்களிலும் பண்டிகைக் காலங்களிலும் உரிய அதிகாரியின் ஒப்புதல் பெற்று இதை நீட்டிக்கலாம். அப்போதும் நாளுக்கு 10 மணி நேரம், வாரத்துக்கு 54 மணி நேரம் என்பதே உச்சவரம்பு.

தொடர்ந்து ஐந்து மணி நேரம் வேலை செய்தவருக்குக் குறைந்தது அரை மணி நேர இடைவேளை தரப்பட வேண்டும். இடைவேளையையும் சேர்த்து, ஒரு நாளின் பணி தொடங்குவதற்கும் முடிவதற்கும் இடைப்பட்ட காலம் 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. ஒரு நாள் பணி முடிந்து மறுநாள் பணி தொடங்குவதற்குள் தொடர்ச்சியாக ஒன்பது மணி நேர ஓய்வும், ஏழு நாள்களுக்கு ஒரு நாள் விடுமுறையும் உண்டு. கூடுதல் நேர வேலைக்கு இருமடங்கு ஊதியம் வழங்க வேண்டும்.

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 91-ஆவது பிரிவும் இந்த வேலை நேர வரம்பையே போக்குவரத்து வாகனங்களை இயக்கும் அனைவருக்கும் உரியதாக்குகிறது.

புதிய சட்டத் தொகுப்பில் மாறியது என்ன?

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் சட்டத் தொகுப்பு, 2020, பழைய 13 சட்டங்களைத் தன்னுள் இணைத்துக்கொண்டது. 1961-ஆம் ஆண்டுச் சட்டமும் அவற்றுள் ஒன்று. எட்டு மணி நேர வரம்பும் கூடுதல் நேரத்துக்கான இருமடங்கு ஊதியமும் புதிய தொகுப்பிலும் தொடர்கின்றன. இடைவேளையின் அளவு, பணி பரவியிருக்கும் மொத்த நேரம் ஆகியவற்றை அந்தந்த அரசு அறிவிக்கையின் மூலம் நிர்ணயிக்கும்.

சட்டம் யாருக்குப் பொருந்தும் என்பதில் முக்கிய மாற்றம் ஒன்று உள்ளது. பழைய சட்டம் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்களைக் கொண்ட போக்குவரத்து நிறுவனங்களுக்குப் பொருந்தியது. புதிய தொகுப்பில் அந்த எண்ணிக்கை பத்தாக உயர்த்தப்பட்டுள்ளது. நாட்டிலுள்ள லாரி உரிமையாளர்களில் பெரும்பாலோர் ஐந்துக்கும் குறைவான வண்டிகளை வைத்திருப்பவர்களே. எனவே, கணிசமான ஓட்டுநர்கள் இத்தொகுப்பின் நேரடி வரம்புக்கு வெளியே நிற்கின்றனர்.

இத்தகையோருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 91-ஆவது பிரிவே முதன்மையான பாதுகாப்பாகும். அந்தப் பிரிவு நிறுவனத்தின் அளவைப் பற்றி ஏதும் குறிப்பிடவில்லை. அது 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தையே பெயர் சொல்லிக் குறிப்பிட்டாலும், நீக்கி மறுபடியும் இயற்றப்பட்ட சட்டத்தைப் பற்றிய குறிப்பு புதிய சட்டத்தையே சுட்டும் என்பது 1897-ஆம் ஆண்டின் பொது உட்பிரிவுகள் சட்டம் வகுத்த பொது விதியாகும்.

பதினைந்து நிமிடமும் அதற்கு மேலும்

சட்டத்தின் அளவுகள் தெளிவானவை. வேலை நேரம் என்பது எது என்ற கேள்வியில்தான் சிக்கல் எழுகிறது. வண்டி ஓடும் நேரமும், பராமரிப்பு, சரக்கை ஏற்றி இறக்குதல் போன்ற துணைப் பணிகளுக்கான நேரமும் வேலை நேரத்தில் அடங்கும். முனையங்களில் வெறுமனே காத்திருக்கும் நேரத்தைப் பொறுத்தவரை, 15 நிமிடங்களுக்குக் குறைவானது மட்டுமே வேலை நேரமாகக் குறிப்பிடப்பட்டுள்ளது. பழைய சட்டத்தில் இருந்த இந்த வரையறை புதிய தொகுப்பிலும் இடம்பெற்றுள்ளது.

குறித்த நேரத்துக்குப் புறப்படும் பேருந்துக்கு இந்த அளவு பொருந்தக்கூடும். லாரியின் நிலை வேறு. துறைமுக வாயில், ஆலை வளாகம், சேமிப்புக் கிடங்கு, காய்கறிச் சந்தை என எங்கும் வரிசையில் நிற்கும் நேரம் மணிக்கணக்கில் நீள்கிறது. தில்லி உள்ளிட்ட பெருநகரங்களின் பல சாலைகளில் பகல் நேரத்தில் கனரக வாகனங்களுக்குத் தடை இருப்பதால், நகர எல்லையிலும் காத்திருக்க நேர்கிறது. அந்த நேரத்தில் ஓட்டுநர் வண்டியை ஓட்டுவதில்லை. வண்டியை விட்டு அகலவும் முடிவதில்லை. சரக்குக்கும் டீசலுக்கும் அவரே காவல். வரிசை நகரும்போது வண்டியையும் நகர்த்தியாக வேண்டும். வாகனத்தின் அருகில் இருக்க வேண்டிய நேரத்தை எந்தச் சூழ்நிலைகளில் ஓய்வு இடைவேளையாகக் கருதலாம் என்று நிர்ணயிக்கும் அதிகாரத்தை 91-ஆவது பிரிவு மாநில அரசுகளுக்கு அளித்துள்ளது என்பதும் குறிப்பிடத்தக்கது.

இத்தொழிலில் பல ஓட்டுநர்களுக்கு ஊதியம் நடைக் கணக்கில் வழங்கப்படுகிறது. 800 கிலோமீட்டர் தொலைவுள்ள ஒரு நடையை எடுத்துக்கொள்வோம். மணிக்குச் சராசரியாக 40 கிலோமீட்டர் என்று கொண்டால், ஓட்டும் நேரம் மட்டும் 20 மணி நேரம் ஆகும். எட்டு மணி நேர வரம்பின்படி இது இரண்டரை நாள் வேலை. சரக்கு ஏற்றும் இடத்தில் எட்டு மணி நேரமும் இறக்கும் இடத்தில் எட்டு மணி நேரமும் காத்திருப்பில் கழிந்தால், மேலும் 16 மணி நேரம் கூடுகிறது. நடைக்குரிய தொகை கூடுவதில்லை. அடுத்த நடையைப் பிடித்தால்தான் மாத வருமானம் நிற்கும் என்ற நிலையில், வரிசையில் இழந்த நேரத்தை ஓட்டுநர் இரவுத் தூக்கத்திலிருந்தே ஈடுகட்டுகிறார்.

மதுவுக்குக் கருவி உண்டு, சோர்வுக்கு இல்லை

தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீத மது கலந்தவரின் செயல்திறனுக்கு நிகராகக் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. இந்தியாவில் வாகனம் ஓட்டுவோருக்கான மது வரம்பு 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராம், அதாவது 0.03 சதவீதம். ஆகவே அதிகாலை 5 மணிக்கு எழுந்து இரவு 10 மணிக்கும் ஓட்டிக்கொண்டிருப்பவர், ஒரு சொட்டு மது அருந்தாமலேயே அந்த வரம்பைத் தாண்டியவருக்கு ஒப்பான நிலையில் இருக்கக்கூடும்.

மது அருந்தியவரைக் கண்டறியக் காவலரிடம் கருவி உண்டு. சோர்வை ஊதிப் பார்த்து அறியும் கருவி இல்லை. ஓட்டிய நேரமும் ஓய்வெடுத்த நேரமும் பதிவாகியிருந்தால் மட்டுமே அதை அறிய இயலும். 2022-ஆம் ஆண்டில் மட்டும் நாட்டில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். ஓட்டுநர் எத்தனை மணி நேரமாக விழித்திருந்தார் என்பதற்கு ஆவணம் இல்லாதபோது, அந்த மரணங்களில் சோர்வின் பங்கைத் துல்லியமாகப் பிரித்துக் காண வழியில்லை.

பிற நாடுகளில்

ஐரோப்பிய ஒன்றியத்தில் நான்கரை மணி நேரம் ஓட்டியவர் 45 நிமிடம் ஓய்வெடுக்க வேண்டும். நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரமும், வாரத்தில் இரு நாள்கள் மட்டும் பத்து மணி நேரமும் ஓட்டலாம். டாக்கோகிராஃப் என்னும் கருவி ஒவ்வொரு நிமிடத்தையும் பதிவு செய்கிறது. சாலைப் பாதுகாப்பைக் குலைக்கும் வகையில், தொலைவையோ சரக்கின் அளவையோ அடிப்படையாகக் கொண்டு ஊதியமோ ஊக்கத்தொகையோ வழங்குவதையும் அங்குள்ள விதி தடை செய்கிறது.

அமெரிக்காவில் தொடர்ந்து பத்து மணி நேரம் ஓய்வெடுத்த பின்னரே ஓட்டுநர் பணியைத் தொடங்கலாம். பணி தொடங்கியதிலிருந்து 14 மணி நேரத்துக்குள், அதிகபட்சம் 11 மணி நேரம் அவர் ஓட்டலாம். பொதுவாக, கிடங்கு வாயிலில் காத்திருந்தாலும் அந்த 14 மணி நேரக் கடிகாரம் நிற்பதில்லை. 2017 டிசம்பர் முதல் மின்னணுப் பதிவுக் கருவி அங்கு கட்டாயமாகும்.

இந்தியாவில் நடைபெறும் முயற்சிகள்

விமானிகளுக்கு உள்ளதைப் போன்று லாரி ஓட்டுநர்களுக்கும் ஓட்டும் நேரத்தை நிர்ணயிக்க வேண்டும் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி 2021-ஆம் ஆண்டில் வலியுறுத்தினார். 3.5 டன்னுக்கு மேற்பட்ட புதிய சரக்கு வாகனங்களில் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதன வசதி 2025 முதல் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் பெட்ரோல் நிலையங்களில் ‘அப்னா கர்’ என்ற பெயரில் 350-க்கும் மேற்பட்ட ஓய்வகங்களை அமைத்துள்ளன. மறுபுறம், தேசிய பெர்மிட் லாரிகளில் இரண்டு ஓட்டுநர்கள் இருக்க வேண்டும் என்று முன்பு இருந்த கட்டாயம் பின்னர் தளர்த்தப்பட்டது.

நேரத்தைப் பதிவு செய்யும் தொழில்நுட்பம் நாட்டுக்குப் புதிதன்று. செயலி வழி இயங்கும் வாடகைக் கார் ஓட்டுநர்கள் ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் பணியில் இருக்கக் கூடாது என்றும், அதன்பின் பத்து மணி நேரம் ஓய்வு கட்டாயம் என்றும் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிமுறைகள் வகுத்தன. சரக்குப் போக்குவரத்திலும் லாரி சுங்கச்சாவடியைக் கடக்கும் நேரம் ஃபாஸ்டேக்கில் பதிவாகிறது. சரக்குக்குரிய இ-வே பில் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் காலாவதியாகிறது. வண்டிக்கும் சரக்குக்கும் இவ்வாறு நேரக் கணக்கு உள்ளது. ஓட்டுநரின் வேலைக்கும் ஓய்வுக்கும் இதற்கு இணையான மின்னணுப் பதிவு கட்டாயமாக்கப்படவில்லை.

புதிய தொகுப்பில், தனியாகத் தண்டனை குறிப்பிடப்படாத மீறல்களுக்கு நிறுவனங்களிடம் இரண்டு லட்சம் முதல் மூன்று லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க வழி செய்யப்பட்டுள்ளது. ஆயினும், வேலை நேர மீறலை நிரூபிக்க நேரப் பதிவு வேண்டும். சரக்கு ஏற்றும் வாயிலுக்கு லாரி வந்த நேரமும் புறப்பட்ட நேரமும் அந்தப் பதிவில் இடம்பெற வேண்டும். 15 நிமிடங்களுக்கு மேற்பட்ட காத்திருப்பு வேலையா, ஓய்வா என்பதை அரசுகளின் விதிகள் வெளிப்படையாகக் கூற வேண்டும். அது வேலை என்று வகுக்கப்பட்டால், அதற்குரிய தொகையை உரிமையாளரோ சரக்கு அனுப்புபவரோ ஏற்க நேரிடும். இல்லையெனில், அந்த நேரம் இப்போது போலவே ஓட்டுநரின் தூக்கத்திலிருந்து கழிக்கப்படும்.